கிராபிக்ஸ் கார்டு கூலிங்கும் ஓவர்கிளாக்கும்: டெல்டா வெயிலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி முதல் நாகை வரை, ஏசி இல்லாத அறையில் கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. வெப்ப அளவுகள் எல்லாம் செல்சியஸில்.

மே மாதம் அறையே 36 டிகிரி. இதில் ஓவர்கிளாக் எல்லாம் தேவையா?

கட்டாயம் இல்லை. ஓவர்கிளாக் என்றால் கார்டை அதன் தயாரிப்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது. இன்றைய கார்டுகளில் அதனால் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை இலக்க சதவீதம்தான். 60 ஃபிரேமில் ஓடும் விளையாட்டு 63, 64 ஆகும், அவ்வளவுதான். கூலிங்கைச் சரிசெய்வதால் வரும் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. என்விடியா கார்டுகள் சூடு ஏற ஏற வேகத்தை 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாகத் தாமாகவே இறக்கிக்கொண்டு வரும். விளையாட்டு தொடங்கிய முதல் நிமிடத்தில் 1950 காட்டிய கார்டு, அரைமணி கழித்து 1890-ல் நிற்பது இதனால்தான். கூலிங் நன்றாக இருந்தால் இந்த இழப்பு குறையும், விசிறிச் சத்தமும் அடங்கும். அதற்கு மேல் கொஞ்சம் ஓவர்கிளாக் செய்தால் அது உபரி.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். காற்றில் குளிரும் கூலரானாலும் தண்ணீர்க் கூலரானாலும், அறையின் வெப்பத்துக்குக் கீழே கார்டைக் கொண்டுபோக முடியாது. அதனால் "என் கார்டு 78 டிகிரி" என்ற பேச்சுக்குப் பொருளே இல்லை. அறையைவிட எத்தனை டிகிரி மேலே என்றுதான் பேச வேண்டும். 36 டிகிரி அறையில் 78 என்றால் வித்தியாசம் 42. அதே கார்டு மார்கழியில் 25 டிகிரி அறையில் ஏறத்தாழ 67 காட்டும். மே மாதம் அளந்துவிட்டு, ஐப்பசி மழையில் பேஸ்ட் (சிப்புக்கும் கூலருக்கும் இடையே வெப்பம் கடத்தும் பசை) மாற்றி, "பத்து டிகிரி குறைந்துவிட்டது" என்று மகிழ்பவர்கள் நிறைய. குறைத்தது பேஸ்ட் அல்ல, மழை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை கேபினெட்டின் முன்பக்கம் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

எந்தெந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருளில் மூன்று எண்கள்: ஜிபியு (கார்டின் முக்கியச் சிப்) வெப்பம், ஹாட்ஸ்பாட் (அந்தச் சிப்பின் மிகச் சூடான இடம்), மெமரி ஜங்ஷன் (மெமரிச் சிப்பின் உள் வெப்பம்). இருபது நிமிடம் கனமான விளையாட்டு ஓடிய பிறகு குறித்துக்கொள்ளுங்கள்.

ஜிபியு வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 10 முதல் 18 டிகிரி வரை இடைவெளி இருப்பது சாதாரணம். 25-ஐத் தாண்டினால் பேஸ்ட் ஒதுங்கியிருக்கிறது, அல்லது கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி முதல் வந்த கார்டுகளில் ஹாட்ஸ்பாட் எல்லை 110. அதனால் அவற்றில் 95-ஐப் பார்த்துப் பதறத் தேவையில்லை. ஆர்டிஎக்ஸ் 3080, 3090-இல் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியில் வேகத்தைக் குறைக்கும். நம் ஊர்க் கோடையில் பழைய தெர்மல் பேட்களோடு (மெமரிச் சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் மெத்துப் பட்டைகள்) அந்த எண்ணைத் தொடுவது மிக எளிது. 3060, 3070 போன்றவற்றில் மெமரி வெப்பம் காட்டப்படுவதே இல்லை. எண் வரவில்லை என்று கார்டில் கோளாறு தேடாதீர்கள்.

கார்டைத் திறக்காமல் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு அதே விளையாட்டை ஓட்டுங்கள். வெப்பம் 5 டிகிரிக்கு மேல் குறைந்தால் குறை கார்டில் இல்லை, கேபினெட்டின் காற்றோட்டத்தில். முன்னால் இரண்டு 120 மி.மீ. விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள: இந்த அமைப்பு பெரும்பாலான கேமிங் கம்ப்யூட்டர்களுக்குப் போதும். முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாக உள்ள கேபினெட் அழகாக இருக்கும். 200 வாட் கார்டுக்கு அது மூச்சடைப்பு. மேசைக்கு அடியில் உள்ள அலமாரிப் பெட்டிக்குள் கேபினெட்டைச் செருகி வைப்பதும் அப்படித்தான்: வெளியே தள்ளிய சூட்டையே கார்டு திரும்ப இழுக்கும். ஓட்டு வீடோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ என்றால், பிற்பகலில் கூரைக்கு அருகே காற்று தரையைவிடத் தெளிவாகச் சூடாக இருக்கும். பரணுக்கு அருகில் இருக்கும் மேசையை மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

அண்டர்வோல்ட் என்கிறார்களே, அது ஓவர்கிளாக்குக்கு எதிரானது இல்லையா?

எதிரி இல்லை, கூட்டாளி. அண்டர்வோல்ட் என்றால் அதே வேகத்துக்குச் சிப்புக்குக் குறைந்த வோல்ட்டேஜ் கொடுப்பது. சிப் தின்னும் மின்சாரம் வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதே வேகத்தில் 1.05 வோல்ட்டை 0.90 ஆக்கினால், கணக்குப்படி சிப்பின் இயக்க மின்சாரம் கால்பங்குக்கும் சற்று மேல் குறையும். எந்தக் கூலரை வாங்கினாலும் இவ்வளவு சூட்டைக் குறைக்க முடியாது, இதற்குச் செலவும் இல்லை.

என்விடியா கார்டுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள். கோர் கிளாக்கை (சிப்பின் வேகம்) முதலில் மைனஸ் 200-க்கு இறக்கி அப்ளை கொடுங்கள். கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் வோல்ட்டேஜ் வளைவு திறக்கும். 900 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து மேலே தூக்கி, ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 1800 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தி, மறுபடி அப்ளை. அதற்கு வலப்பக்கம் உள்ள புள்ளிகள் எல்லாம் தட்டையாகிவிடும். ஒரு மணி நேரம் விழாமல் ஓடினால் 15, 15-ஆக ஏற்றிப் பாருங்கள். எவ்வளவு போகும் என்பது சிப்புக்குச் சிப் மாறும். அண்ணன் கார்டில் ஓடிய எண் தம்பி கார்டில் ஓடாது. ஏஎம்டியில் அட்ரினலின் மென்பொருளுக்குள்ளேயே வோல்ட்டேஜ் நகர்த்தி இருக்கிறது. 25 மில்லிவோல்ட் வீதம் இறக்குங்கள்.

பேஸ்ட் மாற்றுவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

தேவையானவை: பிஎச்0, பிஎச்1 அளவு நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (மொபைல் சர்வீஸ் கடைகளில் "ஐபிஏ" என்றால் எடுத்துத் தருவார்கள்), நூல் பிரியாத துணி அல்லது காபி ஃபில்டர் தாள், பேஸ்ட், புதிய பேட்கள். கை துடைக்கும் சானிடைசரை ஆல்கஹாலுக்குப் பதில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள கிளிசரின் படலமாக நிற்கும்.

திறப்பதற்கு முன் பத்து நிமிடம் விளையாட்டு ஓட்டிக் கார்டைச் சூடாக்கிவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்துக் கழற்றுங்கள். குளிர்ந்த பேஸ்ட் சிப்பையும் கூலரையும் ஒட்டிப் பிடித்திருக்கும். பின்பக்கம் சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த நான்கு திருகுகள் இருக்கும். அவற்றைக் குறுக்காகக் குறுக்காக, தடவைக்கு அரைச் சுற்று தளர்த்துங்கள். எல்லாத் திருகும் வந்த பிறகு கூலரை நேராக மேலே இழுக்காமல், இடமும் வலமும் லேசாகத் திருகுங்கள். "சப்" என்று விட்டுவிடும். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்: விசிறி வயரும் எல்இடி வயரும் இன்னும் போர்டில் செருகியிருக்கும். வேகமாகத் தூக்கினால் கனெக்டர் பிய்ந்து வரும். புத்தகத்தைத் திறப்பதுபோல் ஒரு பக்கம் மட்டும் தூக்கி, வயர்களின் பிளாஸ்டிக் தலையைப் பிடித்துக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

மூன்று கோடை கண்ட பேஸ்ட், காய்ந்த சந்தனம்போல் வெடித்து, சிப்பின் நடுவில் கண்ணாடிபோல் வெறிச்சென்றும் ஓரத்தில் திட்டாகவும் நிற்கும். ஹாட்ஸ்பாட் ஏறியதற்குக் காரணம் அந்த வெற்றிடம்தான். ஆல்கஹால் நனைத்த துணியை அதன்மேல் ஒரு நிமிடம் போட்டு ஊறவிட்டுத் துடையுங்கள். கத்தி, பிளேடு வேண்டாம். சிப்பைச் சுற்றி கடுகைவிடச் சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன, ஒன்று உதிர்ந்தாலும் கார்டு போய்விடலாம்.

புதிய பேஸ்ட் அரை கிராம்வரை போதும். சிபியுபோல் நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு அழுத்தினால் போதாது. ஜிபியுவில் சிப் திறந்து கிடக்கிறது, அதற்கு மேல் மூடி இல்லை. மூலை ஒன்று விடுபட்டாலும் அந்த மூலை சுடும். தட்டையான அட்டையால் சிப் முழுவதும் சீராகப் பூசிவிடுங்கள். கூலரை நேராக இறக்கி, நான்கு திருகையும் முதலில் விரலால் பிடிக்கவிட்டு, பிறகு குறுக்காக அரைச் சுற்று வீதம் முடியுங்கள். திருகு தானாக நிற்கும் இடத்துக்கு மேல் பலம் காட்ட வேண்டாம்.

எந்த பேஸ்ட் நல்லது?

ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, எம்எக்ஸ்-6, நாக்டுவா என்டி-எச்2 எல்லாம் நல்லவை. ஆனால் நீர்த்த பேஸ்ட்கள், சிப் சூடாகிக் குளிரும்போது விரிந்து சுருங்குவதால் ஓரத்துக்குத் தள்ளப்படும். கோடையில் 80 டிகிரிக்கு மேல் தினமும் ஓடும் கார்டில் இது சீக்கிரமே நடக்கும்.

திரும்பத் திரும்பத் திறக்க விருப்பமில்லை என்றால் ஹனிவெல் பிடிஎம்7950 என்ற தாள். கால் மில்லிமீட்டர் தடிமன். சுமார் 45 டிகிரியில் இளகிச் சிப்பின் மேடுபள்ளத்தில் படியும், ஒதுங்கி ஓடாது. முதல் சில சூடு–குளிர் சுற்றுகளுக்குப் பிறகுதான் முழுப் பலன் தெரியும் என்பதால் முதல் நாள் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். நம் ஊரில் இதற்கு ஒரு தொல்லை உண்டு: கொரியர் வண்டியின் சூட்டிலேயே தாள் இளகி, மேலுறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜிப் கவரில் காற்றில்லாமல் மூடி ஃப்ரீசரில் 15 நிமிடம் வைத்து, எடுத்த கையோடு உரித்து ஒட்டுங்கள். கவர் இல்லாமல் வைத்தால் வெளியே எடுத்ததும் தாளின்மேல் பனித்துளி படியும். சிப்பைவிட ஒரு மி.மீ. பெரிதாக வெட்டுவது நல்லது. போலிகள் நிறைய உலவுகின்றன. விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் ஒதுங்குங்கள்.

பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்)?

வேண்டாம். அதிலுள்ள காலியம் அலுமினியத்தைத் தின்னும், ஒரு சொட்டு வழிந்தால் ஷார்ட். சிப்பின் ஓரங்களுக்குக் காப்புப் பூச்சு, நிக்கல் பூசிய கூலர் என்று எல்லாம் தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது.

தெர்மல் பேட் தடிமன் தெரியவில்லை. 1.5 மி.மீ. பொதுவாகப் போட்டுவிடலாமா?

கூடாது. பேஸ்ட்டில் தவறினால் ஐந்து டிகிரி போகும். பேட்டில் தவறினால் கார்டே போகும். மெமரிச் சிப்பின் உயரமும் ஜிபியுவின் உயரமும் வேறு வேறு. இடையிலுள்ள இடைவெளியைப் பேட் நிரப்புகிறது. தடிமன் கூடினால் பேட்டின்மேல் கூலர் ஏறி உட்கார்ந்து ஜிபியுவைத் தொடாது: கம்ப்யூட்டரை இயக்கிய சில நொடிகளில் ஹாட்ஸ்பாட் 100-ஐத் தாண்டும். குறைந்தால் ஜிபியு வெப்பம் அருமையாக இருக்கும், மெமரி மட்டும் யாருக்கும் தெரியாமல் வேகும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் பல கார்டுகளில் அதைக் காட்டும் எண்ணே இல்லை.

ஒரே கார்டிலேயே மெமரிக்கு 2, வோல்ட்டேஜ் பகுதிக்கு 1, பின்தட்டுக்கு 3 மி.மீ. என்று மாறுவது சகஜம். ஒரே பெயரில் விற்கும் கார்டுக்குள்ளும் தயாரிப்புப் பதிப்புக்குப் பதிப்பு தடிமன் மாறியிருக்கிறது. பழைய பேட்டை நடுவில் அளக்காதீர்கள். அது நசுங்கிய தடிமன். சிப்புக்கு வெளியே பிதுங்கி நிற்கும் ஓரத்தை வெர்னியரால் அளந்தால் அசல் அளவுக்கு அருகில் வரும். வெர்னியர் இல்லாதவர்களுக்குத் தெர்மல் புட்டி நல்ல வழி. மாவுபோல் பிசைந்து வைத்தால் இடைவெளி எவ்வளவோ அவ்வளவுக்கு நசுங்கிக்கொள்ளும். தடிமன் கணக்கே வேண்டாம்.

விளம்பரத்தில் பேட்டின் வெப்பக் கடத்துதிறனைச் சொல்லும் வாட் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதும் தவறு. கடத்துதிறன் அதிகமுள்ள சில பேட்கள் ரப்பர் செருப்புபோல் கெட்டியாக இருக்கும், நசுங்காது. ஆர்க்டிக் டிபி-3, ஜெலிட் ஜிபி-எக்ஸ்ட்ரீம் போன்ற மென்மையானவை வீட்டில் செய்பவருக்குப் பாதுகாப்பு. அளவைப் பொறுத்தவரை, ஒரு ஜிடிடிஆர்6 சிப் 12க்கு 14 மி.மீ.; 3060-இல் ஆறு, 3070-இல் எட்டு. 80க்கு 40 மி.மீ. துண்டு ஒன்று எட்டுச் சிப்புக்கும் தாராளம். 3090 வைத்திருப்பவர்கள் பின்பக்கமும் பன்னிரண்டு இருப்பதை மறக்க வேண்டாம்.

எல்லாம் வைத்துத் திருகுகளை ஒருமுறை முடுக்கிவிட்டு, மின்சாரம் கொடுக்காமலேயே திரும்பத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பேட்டிலும் சிப்பின் சதுரத் தடம் பதிந்திருக்க வேண்டும். ஜிபியுமேல் பேஸ்ட் மெல்லிசாக எல்லா மூலைக்கும் பரவியிருக்க வேண்டும். கொஞ்சம் பேஸ்ட் வீணாகும். ஆகட்டும்.

பழைய விசிறிகளைக் கழற்றிவிட்டு 120 மி.மீ. விசிறி கட்டலாமா?

கட்டலாம். 150 வாட்டுக்கு மேல் போகும் இரண்டு விசிறிக் கார்டுகளில் செலவுக்கு ஏற்ற பலன் தருவது இதுதான். பிளாஸ்டிக் மூடியோடு விசிறிகளை எடுத்துவிட்டு, ஆர்க்டிக் பி12 போன்ற இரண்டு விசிறிகளை ஹீட்சிங்க் எனும் உலோகத் தகடு அடுக்கின்மேல் கேபிள் டையால் கட்டுவார்கள். விசிறி 25 மி.மீ. தடிமன் என்பதால் கார்டு மூன்றரை ஸ்லாட்வரை இடம் பிடிக்கும். கீழே இடம் குறைவென்றால் 15 மி.மீ. மெலிந்த விசிறி. ஹீட்சிங்க்குக்கும் விசிறிக்கும் இடையே பக்கவாட்டில் வழி இருந்தால் காற்று அந்த வழியே ஓடிவிடும். மின்காப்பு டேப்பால் அடையுங்கள்.

கார்டிலுள்ள சாக்கெட் சின்னது, சாதாரண நான்கு முனை விசிறி நேரே செருகாது. மாற்று வயர் வாங்க வேண்டும். விசிறி ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியர்களைக் கூட்டிப் பாருங்கள். பழைய விசிறிகளின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. மதர்போர்டில் செருகி ஃபேன்கன்ட்ரோல் மென்பொருளால் ஜிபியு வெப்பத்தைப் பின்தொடரச் செய்வதும் நல்ல வழிதான். ஆனால் மென்பொருள் விழுந்தால் விசிறியும் தடுமாறும். பயாஸில் குறைந்தபட்ச வேகத்தை 40 சதவீதத்தில் பூட்டிவையுங்கள்.

தண்ணீர்க் கூலிங்குக்குப் போகலாமா?

115 வாட் ஆர்டிஎக்ஸ் 4060-க்கோ 132 வாட் ஆர்எக்ஸ் 6600-க்கோ இது காசுக்குக் கேடு. 320 வாட் 3080 என்றால் யோசிக்கலாம். உங்கள் கார்டின் போர்டு எண்ணுக்கே செய்த முழு அளவு வாட்டர் பிளாக்கை, அதாவது உள்ளே தண்ணீர் ஓடும் உலோகத் தகட்டைத் தேடுங்கள். அல்ஃபாகூல், பைக்ஸ்கி இரண்டும் பல மாடல்களுக்குச் செய்கின்றன. சிபியு கூலரைத் தகடு வைத்து ஜிபியுவில் மாட்டும் முறையில் ஜிபியு மட்டும் குளிரும்; மெமரிக்கும் வோல்ட்டேஜ் பகுதிக்கும் தனியாக ஹீட்சிங்க்கும் காற்றும் கொடுக்காவிட்டால் அவை வெந்துவிடும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. போர் தண்ணீர் கூடவே கூடாது, கடலோரப் பக்கம் உப்பும் சேர்ந்து வரும். ஆர்ஓ தண்ணீரிலும் தாதுக்கள் மிச்சமிருக்கும். சீல் உடையாத டிஸ்டில்ட் வாட்டர், அதோடு பாசி பிடிக்காமல் இருக்க மருந்து. செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் அரிப்பு நிச்சயம். கார்டுக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் ஒரு நாள் ஓட்டி, மூட்டுகளுக்கு அடியில் வைத்த டிஷ்யூ நனைகிறதா என்று பார்த்த பிறகே இயக்க வேண்டும்.

ஐஸ், பெல்டியர் (மின்சாரத்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு), ஏசிக் காற்றைக் குழாயில் கொண்டுவருவது?

நாகை, வேதாரண்யம் பக்கம் 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் சாதாரண நாள். அந்தக் காற்றில் 27 டிகிரிக்குக் கீழே எது இருந்தாலும் அதன்மேல் தண்ணீர் கோக்கும். குளிரூட்டிய பொருள்மேல் சொட்டும் தண்ணீர் போர்டில்தான் விழும். ஏசி அறையில் ஓடும் கம்ப்யூட்டருக்கு இந்தப் பயம் இல்லை, அது சூடாகவே இருக்கும். கவனிக்க வேண்டியது இதுதான்: 24 டிகிரியில் அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டர், ஜன்னலைத் திறந்ததும் மழைக்காற்று பட்டால் அதன்மேலும் தண்ணீர் கோக்கும். அரைமணி விட்டு இயக்குங்கள்.

அறுவடைக் காலத்தில் மட்டும் கார்டு ஏன் இவ்வளவு சூடாகிறது?

நெல் சுணை. குறுவை அறுப்பிலும் தை அறுப்பிலும், தெருவில் நெல் காயும் நாட்களிலும், அரிசி ஆலைப் பக்கத்து வீடுகளில் ஆண்டு முழுவதும், காற்றில் மிதப்பது சாதாரணத் தூசி இல்லை. முள்போன்ற மெல்லிய இழைகள் ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையே சிக்கி, ஒன்றோடொன்று பின்னி, கம்பளித் துண்டுபோல் அடைத்துக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் விசிறி சுத்தமாகத் தெரியும்; அடியில் டார்ச் அடித்தால்தான் அடைப்பு தெரியும். முன்பக்க விசிறிக்குக் காந்த வலை போட்டு, அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை தட்டுங்கள்.

தூசியைக் காற்றால் ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிட்டால் பேரிங் போகும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அங்கே கொண்டுபோகாதீர்கள். மழைக்காலத்தில் எறும்பும் பல்லியும் சூடு தேடி உள்ளே வரும். பயன்படாத ஸ்லாட்களின் மூடியைக் கழற்றிப் போட்டவர்கள் மறுபடி மாட்டுங்கள்.

சரி, ஓவர்கிளாக்கை எந்த வரிசையில் செய்வது?

கூலிங் சரியான பிறகு, பிற்பகல் இரண்டு மணி சூட்டில் சோதியுங்கள். பவர் லிமிட்டை (கார்டு இழுக்கலாம் என்ற மின்சார எல்லை) ஏற்றுங்கள். கோரில் 50 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, சூப்பர்பொசிஷன் அல்லது டைம் ஸ்பை என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். தாண்டினால் 15, 15-ஆக ஏற்றம். விழுந்தால் 30 இறக்கம். மெமரியை 100 வீதம் ஏற்றி ஒவ்வொரு முறையும் மதிப்பெண்ணை எழுதுங்கள். ஜிடிடிஆர்6எக்ஸில் பிழைகளைக் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பும் வசதி இருப்பதால், எல்லை தாண்டினாலும் திரையில் புள்ளி தெறிக்காது. மதிப்பெண் மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். ஏறிக்கொண்டிருந்த எண் இறங்கிய இடத்திலிருந்து 200 பின்னால் வாருங்கள்.

மே மாதம் கல்லாக நின்ற அமைப்பு மார்கழி விடியலில் விளையாட்டு திறந்ததும் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள். குளிர்ந்த கார்டு பூஸ்ட்டில் இன்னும் இரண்டு படி மேலே போகிறது, அந்தப் படிகளை நீங்கள் சோதிக்கவே இல்லை. குளிர்காலத்துக்கு 30 குறைத்து இன்னொரு புரொஃபைல் வைத்துக்கொள்ளலாம்.

600 விஏ யுபிஎஸ் விளையாடும்போது கத்துகிறது. ஓவர்கிளாக் காரணமா?

அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 600 விஏ என்பது பல மாடல்களில் 360 வாட்தான். கார்டு கண நேரத்துக்குத் தன் அளவைவிட மிக அதிகமாக இழுக்கும், யுபிஎஸ் அதைத் தாங்காது. மாலையில் வோல்ட்டேஜ் இறங்கும் தெருக்களில், 100 முதல் 240 வோல்ட்வரை ஏற்கும் பவர் சப்ளை இருந்தால் ஸ்டெபிலைசர் இல்லாமலே சமாளிக்கலாம். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

திறந்தால் வாரண்டி போகுமா?

தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். திருகின்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், கிழிப்பதற்கு முன் வாரண்டி அட்டையின் நிபந்தனைகளைப் படியுங்கள். வாரண்டி மிச்சமிருக்கும்வரை அண்டர்வோல்ட்டோடும் கேபினெட் விசிறியோடும் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

கிரிப்டோ மைனிங்கில் ஓடிய பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது. கூலிங் மாற்றினால் தேறுமா?

பல தேறும். சிப்பைவிட விசிறியும் மெமரி பேட்களும்தான் அதில் தேய்ந்திருக்கும். வாங்கும் இடத்திலேயே விசிறியை 100 சதவீதத்தில் ஓடவிட்டுக் காது கொடுங்கள். பேட்டிலிருந்து எண்ணெய் கசிந்து போர்டில் ஈரம்போல் மினுங்கினால் பயம் இல்லை, அது சிலிக்கோன் எண்ணெய். ஆல்கஹாலில் துடைத்தால் போகும். பச்சை பூத்த கனெக்டர் என்றால் உப்புக்காற்று பட்டது. அதை மட்டும் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.